கடல்மேல் செல்லும் மைக்ரோவேவ்: தண்ணீரை ஒட்டிய முதல் சில மீட்டரில் என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: கடலுக்கு மேலே இரண்டு கரைகளுக்கு நடுவில் ஒரு மைக்ரோவேவ் இணைப்பு. டவர் மாறவில்லை, ஆன்டெனா மாறவில்லை, பவரும் மாறவில்லை. ஆனாலும் சில நாள் சிக்னல் கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாக இருக்கிறது, சில நாள் வானம் தெளிவாக இருக்கும்போதே விழுந்துவிடுகிறது. இதற்கு மழை, மேகம்தான் காரணமா? கப்பல் ரேடாரில் சில நேரம் எட்டாத தூரத்துக் கரை தெரிவதும் இதே காரணத்தாலா?

மழைக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டு விஷயத்துக்கும் முக்கியமான காரணம் கண்ணுக்கே தெரியாத ஒன்று: கடல் பரப்பிலிருந்து மேலே போகப் போகக் காற்றில் நீராவி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. வானிலை அறிக்கையில் வரும் ஈரப்பதம் ஓர் உயரத்தில் எடுத்த ஒரே எண். நமக்கு வேண்டியது அந்த எண் அல்ல, உயரத்தோடு அது மாறும் விதம். கடல்வழி இணைப்பைத் திட்டமிடுபவர்கள் பலரும் தரையில் பழகிய கணக்கை அப்படியே கடலுக்குக் கொண்டுவந்து சிரமப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலில் அடிப்படை. வெற்றிடத்தின் ஒளிவிலகல் எண் 1. காற்றின் எண் அதைவிட மிகச் சிறிதளவே கூடுதல். 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, 1010 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், 30 ஹெக்டோபாஸ்கல் நீராவி அழுத்தம் உள்ள காற்றுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.000386 வரும். இப்படிப் புள்ளிக்குப் பின் நீளமாக எழுதுவது சிரமம் என்பதால், ஒன்றுக்கு மேல் இருக்கும் பகுதியைப் பத்து லட்சத்தால் பெருக்கி 386 என்று எழுதுவார்கள். இந்த எண்ணை இங்கே விலகல் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்த 386-இல் சுமார் 261 உலர்ந்த காற்றால் வருவது, மீதி 125 நீராவியால் வருவது. கவனித்துப் பாருங்கள்: மொத்த அழுத்தத்தில் நீராவியின் பங்கு வெறும் 3 சதவீதம், விலகல் மதிப்பில் அதன் பங்கோ கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. நீர் மூலக்கூறில் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ரேடியோ அலைக்கு அது பலமாக இணங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி இதைவிட மிக வேகமாக அதிர்வதால் அந்த மூலக்கூறால் அதன் பின்னால் ஈடுகொடுத்துத் திரும்ப முடியாது. அதனால்தான் தொலைநோக்கியில் சாதாரணமாகத் தெரியும் ஒரு தொடுவானம், ரேடாருக்கு முற்றிலும் வேறாகத் தெரிய முடிகிறது.

உயரத்தோடு இந்த விலகல் மதிப்பு குறைந்துகொண்டே போகும். விலகல் மதிப்பு கூடிய பக்கம் நோக்கி அலை வளையும் என்பதால், கிடைமட்டமாகக் கிளம்பிய அலை மெல்லக் கீழே வளைகிறது. வழக்கமான வளிமண்டலத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 39 அலகு குறையும் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வளைவைக் கணக்கில் சேர்க்க எளிய வழி, அலை நேராகப் போவதாக வைத்துக்கொண்டு பூமியின் ஆரத்தை மட்டும் 4/3 மடங்காக்குவது. இதிலிருந்து வருவதுதான் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரம்: மீட்டரில் எடுத்த ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனையிலும் 20 மீட்டர் உயரம் என்றால், சுமார் 37 கி.மீ. வரை நேர்ப்பாதை உண்டு.

சரி, இந்தக் குறைவு இன்னும் வேகமாக நடந்தால்? பூமியின் ஆரம் 6371 கி.மீ. பத்து லட்சத்தை 6371-ஆல் வகுத்தால் 157. விலகல் மதிப்பு கிலோமீட்டருக்கு 157 அலகு குறைந்தால், அலை வளையும் அளவும் பூமி வளையும் அளவும் ஒன்றாகிவிடும். அலை பரப்போடு சேர்ந்தே ஓடும். அதையும் தாண்டிக் குறைந்தால் அலை பூமியைவிட வேகமாக வளைந்து கடலில் மோதி, எதிரொலித்து, மறுபடி வளைந்து மோதி, அந்த மெல்லிய காற்றடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதைத்தான் டக்ட் என்கிறார்கள். காற்றாலான ஒரு குழாய் என்று நினைத்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் கடல்நீர், மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை.

கிலோமீட்டருக்கு 157 என்றால் பெரிய எண் போலத் தெரியும். ஆனால் 10 மீட்டருக்கு அது வெறும் 1.6 அலகு. நீராவி அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே விலகல் மதிப்பு 4 அலகுக்கு மேல் குறையும். அதாவது 10 மீட்டர் உயரத்தில் நீராவி அழுத்தம் 0.4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே போதும், டக்ட் உருவாகிவிடும். ஒரு நல்ல ஈரமானி கூட எளிதில் பிரித்துக் காட்டாத வித்தியாசம் இது. வெப்பநிலையின் பங்கு இதைவிடச் சிறியது, ஒரு டிகிரி ஏறினால் ஒன்றரை அலகு அளவில் குறையும்.

இப்போது கடலுக்கு வருவோம். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று கிட்டத்தட்ட முழுமையாக ஈரமேறியது. உப்பு இருப்பதால் 100-க்குப் பதில் 98 சதவீதம். 28 டிகிரி கடல்நீருக்கு அது சுமார் 37 ஹெக்டோபாஸ்கல் நீராவி அழுத்தம். 10 மீட்டர் மேலே காற்று 27 டிகிரியும் 78 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால் அங்கே சுமார் 28 தான். பத்தே மீட்டரில் 9 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சி. டக்ட் உருவாகத் தேவையானது 0.4 என்று இப்போதுதான் பார்த்தோம். இருபது மடங்குக்கு மேல் கூடுதல்! இது ஏதோ அபூர்வ நிலைமை அல்ல, வெப்பமான கடலின் சாதாரண நாள். கடல் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் இந்த அடுக்கும் ஏறக்குறைய எப்போதும் இருக்கிறது. இதற்கு ஆவியாதல் டக்ட் என்று பெயர். கடல்மேல் மைக்ரோவேவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த வீழ்ச்சி சீராக இருக்காது. தண்ணீரை ஒட்டி மிகச் செங்குத்தாகவும், மேலே போகப் போகத் தணிந்தும் இருக்கும். மடக்கைக் கோடு போல. எந்த உயரத்தில் அந்தச் சரிவு கிலோமீட்டருக்கு 157 என்ற அளவுக்குத் தணிகிறதோ, அதுதான் டக்டின் கூரை. மேலே சொன்ன எண்களை வைத்துத் தோராயமாகப் போட்டால் 20 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. உலகக் கடல்களின் சராசரி சுமார் 13 மீட்டர் என்று சொல்வார்கள். வடக்கே குளிர்ந்த கடல்களில் ஒற்றை இலக்க மீட்டராகச் சுருங்கும். வெப்பமண்டலத்தில் 20, 30 மீட்டர் வரை போகும். 40 மீட்டரைத் தாண்டுவது அரிது.

உயரம் ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு டக்டும் எல்லா அலைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. குழாய் மெல்லியதாக இருந்தால் நீள அலை அதில் அடங்காது, கசிந்து போய்விடும். நடைமுறையில் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: டக்டின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி (அதாவது 1.5 என்ற அடுக்குக்கு உயர்த்தி), வரும் எண்ணால் 360-ஐ வகுத்தால், அடங்கும் மிகக் குறைந்த அதிர்வெண் கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும். 10 மீட்டர் டக்ட் என்றால் 11 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுதாகச் சிக்கும். 22 மீட்டர் என்றால் மூன்றரை கிகாஹெர்ட்ஸிலிருந்தே சிக்கத் தொடங்கும். அதனால் ஒரே கடலில், ஒரே நேரத்தில், 10 கிகாஹெர்ட்ஸ் ரேடார் தொடுவானத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருக்க, 3 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வழக்கமான தூரத்தோடு நின்றுவிடலாம். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945-இல், மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள ஆன்டிகுவாவில் அமெரிக்கர்கள் 9 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் அலைகளை வைத்து டக்டில் அலை செல்லும் விதத்தை நேரில் அளந்தார்கள். வர்த்தகக் காற்று சீராக வீசும் அந்தக் கடலில் இரண்டுமே தொடுவானத்தைத் தாண்டிப் போயின.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலை ஏறக்குறைய கிடைமட்டமாக, அரை டிகிரிக்கும் குறைவான கோணத்தில் டக்டுக்குள் நுழைந்தால்தான் சிக்கும். உயரமான கோணத்தில் போகும் அலைக்கு டக்ட் இருப்பதே தெரியாது. செயற்கைக்கோளை நோக்கி வானத்தைப் பார்த்திருக்கும் தட்டு ஆன்டெனாவுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லாததற்கு அதுதான் காரணம்.

ஆவியாதல் டக்ட் தவிர வேறு இரண்டு வகை உண்டு. அவை எப்போதும் இருக்காது, ஆனால் வந்தால் பலமாக வரும். ஒன்று, நிலத்திலிருந்து சூடான உலர்ந்த காற்று குளிர்ந்த கடல்மேல் நகர்ந்து வரும்போது உருவாவது. கீழே குளிர்ச்சியும் ஈரமும், மேலே வெப்பமும் வறட்சியும். வெப்பநிலையும் நீராவியும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. பாலைவனங்கள் சூழ்ந்த பாரசீக வளைகுடாவும், கோடைகால மத்தியதரைக் கடலும் இதற்குப் பேர்போனவை. இந்த டக்ட் நூறு, இருநூறு மீட்டர் உயரம் வரை போகக்கூடும். 100 மீட்டர் என்று வைத்தால், மேலே சொன்ன கணக்குப்படி 360 மெகாஹெர்ட்ஸ் அலையே அடங்கிவிடும். மற்றொன்று, உயர் அழுத்தப் பகுதியில் மேலிருந்து காற்று மெல்ல இறங்கி, அமுங்கி, சூடாகி, உலர்ந்து, கீழே இருக்கும் ஈரக்காற்றின் மேல் மூடிபோல உட்காருவது. இதன் கூரை சில நூறு மீட்டரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரை இருக்கலாம். கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே பசிபிக்கில் இந்த மூடி கோடையில் நெடுந்தூரம் உடையாமல் பரவியிருக்கும். 1957 ஜூலையில் இரண்டு அமெச்சூர் வானொலியாளர்கள் அந்த 4,000 கி.மீ. கடலைத் தாண்டி 144 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டது அதன் புண்ணியத்தில்தான். தொடுவானத்தோடு நின்றுவிட வேண்டிய அலைவரிசை அது.

இந்த நிகழ்வு முதலில் கவனிக்கப்பட்டது இன்னும் முன்னாலேயே. 1932-இல் மார்க்கோனி 57 சென்டிமீட்டர் அலையை ரோமுக்குத் தெற்கே ரோக்கா டி பாப்பாவிலிருந்து அனுப்பி, சார்டினியாவின் கபோ ஃபிகாரி முனையில் பெற்றார். தூரம் 270 கி.மீ., நேர்ப்பார்வை எட்டும் தூரத்தைவிட மிக அதிகம். அந்த அளவு குறுகிய அலை நேர்க்கோட்டில் மட்டுமே செல்லும் என்று நம்பப்பட்ட காலம் அது. மத்தியதரைக் கடல், கோடைக்காலம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் இன்று நமக்குப் புரிகிறது.

போர்க்காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று வெயில் காலத்தில் அரபுக் கரையின் எதிரொலிகளையே பிடித்தது. ஆயிரம் மைலுக்கும் அப்பால்! தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அந்தத் திறமை மறைந்துவிட்டது. இங்கே நம் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 200 மெகாஹெர்ட்ஸ் அடங்க 150 மீட்டர் உயர டக்ட் வேண்டும். ஆவியாதல் டக்டால் அது முடியாது. அரேபியாவின் வறண்ட காற்று கடல்மேல் படர்ந்து உண்டாக்கிய பெரிய டக்டாகத்தான் இருக்க முடியும். பருவக்காற்று வந்து மேலும் கீழும் கலக்கிவிட்டால் அந்த அடுக்கு கலைந்துபோகும், அதோடு அரேபியாவும் திரையிலிருந்து போய்விடும்.

இப்படித் தூரத்துக் கரை தெரிவது நல்லதுதானே என்று தோன்றும். ரேடார் பார்ப்பவருக்கு அது ஆபத்தான நன்மை. நொடிக்கு 1,000 துடிப்பு அனுப்பும் ரேடார், 150 கி.மீ. வரை உள்ள எதிரொலியைத்தான் அடுத்த துடிப்புக்கு முன் பெற முடியும். 170 கி.மீ.யில் உள்ள மலையின் எதிரொலி அடுத்த துடிப்பு கிளம்பிய பின் வந்து சேர்வதால், திரையில் 20 கி.மீ.யில் ஏதோ இருப்பதுபோல் காட்டும். 1943 ஜூலையில் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ரேடாரில் தெரிந்த புள்ளிகளை எதிரிக் கப்பல்கள் என்று எண்ணி நூற்றுக்கணக்கான குண்டுகளைப் பொழிந்தன. அங்கே எதுவும் இல்லை. தூரத்துத் தீவுகளின் எதிரொலி என்று ஒரு விளக்கம், கடற்பறவைக் கூட்டம் என்று இன்னொன்று. எது சரி என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் அந்த முதல் விளக்கம் நடக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை.

டக்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. கீழே சிக்கிய ஆற்றல் மேலே போகவேண்டிய ஆற்றல். டக்டின் கூரைக்குச் சற்று மேலே அதனால் சிக்னல் மெலிந்த ஓர் இடைவெளி விழுகிறது. நீர்மட்டத்தில் போகும் சிறு படகை 60 கி.மீ.யில் காட்டும் ரேடார், அதைவிடக் கிட்டத்தில், கூரைக்கு மேலே பறக்கும் விமானத்தைத் தவறவிடலாம். இணைப்பு அமைப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சிக்னல் வரவில்லையா, ஆன்டெனாவை உயர்த்து என்பதுதான் நிலத்தில் எல்லாருக்கும் பழகிய பதில். கடல்மேல், தொடுவானத்துக்கு அப்பால் போகும் பாதையில், ஆன்டெனாவை டக்டுக்கு மேலே உயர்த்தினால் சிக்னல் குறையவும் கூடும். அப்படிப்பட்ட பாதையில் இரு முனையையும் டக்டுக்குள் வைப்பதே மேல். மாறாக, தொடுவானத்துக்குள் அடங்கிய, எப்போதும் நிற்கவேண்டிய இணைப்பு என்றால் டக்டை நம்பியே இருக்கக்கூடாது. போதிய உயரம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பல தவறுகளுக்கு வேர்.

அடுத்தது எதிர்மாறான நிலைமை. குளிர்ந்த கடல்மேல் சூடான, ஈரம் மிகுந்த காற்று வந்து மூடுபனி படியும்போது, சில நேரம் விலகல் மதிப்பு உயரத்தோடு குறைவதற்குப் பதில் கூடிவிடும். அப்போது அலை கீழே வளையாமல் மேலே வளைகிறது. நிலத்தில் கானல் நீர் தோன்றும்போது ஒளிக்கு நடப்பது போன்றதுதான் இது. பூமி அதிகமாகப் புடைத்துக்கொண்டது போலாகிவிடும். 50 கி.மீ. பாதையின் நடுவில், வழக்கமான நிலையில் கடலின் புடைப்பு சுமார் 37 மீட்டர். பூமி ஆரம் 2/3 மடங்காகச் சுருங்கியதற்குச் சமமான மோசமான நிலையில் அதுவே 74 மீட்டர் ஆகிவிடும். நேற்றுவரை தெளிவாக இருந்த பாதை இன்று தண்ணீருக்குள் போய்விட்டது என்றே சொல்லலாம். மூடுபனி நாளில் இணைப்பு அறுந்தால், பனித்துளி அலையை விழுங்கிவிட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். 10 கிகாஹெர்ட்ஸில் பனித்துளி விழுங்குவது மிகச் சிறிது. பனியை உண்டாக்கிய அதே காற்றடுக்குதான் பாதையை வளைத்திருக்கிறது.

இப்போது கடல் பரப்பையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள இரண்டாவது பெரிய வேறுபாடு அதுதான். மிகத் தாழ்ந்த கோணத்தில் விழும் மைக்ரோவேவுக்குக் கடல் ஏறக்குறைய முழுக் கண்ணாடி. நேராக வரும் அலையும் கடலில் பட்டு வரும் அலையும் பெறும் ஆன்டெனாவில் சேர்கின்றன. பட்டு வருவது தலைகீழாகத் திரும்பி வருகிறது. பாதை வித்தியாசம் முழு அலைநீளமாக அமைந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு கணக்கு பார்ப்போம்: 10 கி.மீ. பாதை, இரு முனையிலும் நீர்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் உயரம், 10 கிகாஹெர்ட்ஸ், அதாவது 3 சென்டிமீட்டர் அலை. பூமியின் வளைவு ஒன்றரை மீட்டரைத் தின்றுவிடும், மிச்சம் 18.5. பாதை வித்தியாசம் சுமார் 6.8 சென்டிமீட்டர். ஓதம் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது) 2 மீட்டர் ஏறினால் இது 5.4 சென்டிமீட்டராகக் குறையும். வித்தியாசம் 1.4 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அரை அலைநீளம். உச்சத்தில் இருந்த சிக்னல் பள்ளத்துக்கு விழ இது போதும். கடல் ஏறி இறங்கும் நேரத்தோடு சேர்ந்து சிக்னலும் ஏறி இறங்கினால், காற்றைக் குறை சொல்லாமல் முதலில் ஓத அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

கடலில் அலை அடித்தால் இந்தக் கண்ணாடி கலைந்துவிடாதா என்றால், நினைப்பது போல் அவ்வளவு எளிதில் கலையாது. அதே பாதையில் கடலைத் தொடும் கோணம் மிகச் சிறியது, ஒரு டிகிரியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இயற்பியலாளர் ராலே வகுத்த அளவுகோல்படி, கடலின் மேடுபள்ளம் சுமார் ஒரு மீட்டருக்குள் இருக்கும்வரை 3 சென்டிமீட்டர் அலை அதைச் சமதளமாகவே பார்க்கும். கண்ணுக்குக் கொந்தளிப்பாகத் தெரியும் கடல், மைக்ரோவேவுக்கு வழவழப்பான தரை. அதைவிடக் கடல் பொங்கினால் எதிரொலி சிதறி, ஆழமான பள்ளங்கள் குறைந்து, சிக்னல் விரைவாக நடுங்கத் தொடங்கும். அந்தக் கொந்தளிப்பு டக்டுக்குள் ஓடும் அலையையும் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறடிக்கும் என்பதால், பலத்த காற்று நாளில் தொடுவானத்துக்கு அப்பாலான தூரம் குறைவது வழக்கம்.

இதற்கான தீர்வு பழையது, இன்றும் நல்லது: ஒரே டவரில் செங்குத்தாக இடைவெளி விட்டு இரண்டு ஆன்டெனா வைத்து, எதில் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. மேலே சொன்ன பாதையில் ஒரு முனையில் 4 மீட்டர் இடைவெளி போதும்; ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கும். அப்புறம், பாதையை அமைக்கும்போதே கடலில் அலை பட்டுத் திரும்பும் இடத்தை ஒரு தீவோ மணல்திட்டோ மறைக்கும்படி செய்ய முடிந்தால், அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஒரு முனையை நல்ல உயரத்திலும் மற்றதைத் தாழ்வாகவும் வைத்தால், பட்டுத் திரும்பும் இடம் தாழ்ந்த முனையின் கரைப்பக்கம் நகர்ந்துவிடும்; அங்கே கரையின் கரடுமுரடு அந்த எதிரொலியைக் கெடுத்துக் கொடுக்கும்.

மழையைப் பற்றி முன்பு சொன்னேன். மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டும் மழையில், 4 கிகாஹெர்ட்ஸுக்கு இழப்பு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. 10 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு ஒன்றரை டெசிபலைச் சற்றுத் தாண்டும், 20 கிகாஹெர்ட்ஸில் ஐந்தரை டெசிபலுக்கு மேல். ஆனால் அவ்வளவு கனமழை பாதை முழுவதும் ஒரே நேரத்தில் பெய்யாது, சில கிலோமீட்டர் அகலமுள்ள மேகத்தின் கீழ்தான் பெய்யும். காற்றே விழுங்குவது வேறு கணக்கு: 22 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நீராவியும், 60 கிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜனும். ஆக்சிஜனின் இழப்பு கடல்மட்டத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் என்பதால், அந்த அலைவரிசையில் நீண்ட கடல் பாதை என்ற பேச்சுக்கே இடமில்லை. 22-ஐ ஒட்டிய பட்டையையும் வெப்பமான கடல்மேல் நீண்ட தூரத்துக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். 10 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த இரண்டும் பெரிய தொல்லை இல்லை.

இன்னொரு தொல்லை இப்போது அதிகம் பேசப்படுகிறது. ஒரே அதிர்வெண்ணில் அனுப்புவதையும் பெறுவதையும் மாறி மாறிச் செய்யும் 4ஜி, 5ஜி வலையமைப்புகளில், இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி விடுவார்கள். டக்ட் உருவானால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டவரின் சிக்னல் தாமதமாக வந்து, இங்கே கேட்கும் நேரத்துக்குள் நுழைந்துவிடும். நடுவில் கடல் இருந்தால், இடைமறிக்க ஒரு மலைகூட இல்லை. தொலைதூரக் குறுக்கீட்டைக் கையாளும் வழிமுறையைச் செல்பேசித் தரநிலைகளின் 16-ஆம் வெளியீட்டில் தனியாகவே சேர்க்க வேண்டிவந்தது.

கடைசியாக, உங்கள் இணைப்பில் எது நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெறும் சிக்னலின் அளவை நிமிடத்துக்கு ஒருமுறையாவது பதிவு செய்யுங்கள். 15 நிமிடச் சராசரி விரைவான வீழ்ச்சிகளைக் காட்டாது. பக்கத்திலேயே ஓத நேரம், கடல்நீரின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். ஆவியாதல் டக்டின் உயரத்தைக் கணிக்கும் கணக்குமுறைகள் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்கின்றன. நீர் காற்றைவிடச் சற்றுச் சூடாக இருக்கும் வழக்கமான நாட்களில் அவை நன்றாகப் பொருந்தும். காற்று நீரைவிடச் சூடாக இருக்கும் நாட்களில் அந்தக் கணிப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஈரப்பதத்தில் வரும் சிறு பிழைகூட விடையைப் பல மீட்டர் தள்ளிவிடும். ஈரமானியைக் கப்பலின் மேல்தளத்திலோ கட்டடத்தின் கூரையிலோ வைக்காமல், கடல்காற்று நேராக வந்து தொடும் இடத்தில் வையுங்கள். சூடேறிய இரும்பும் கான்கிரீட்டும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டினாலே கணக்கு மாறிவிடும். இனி பதிவைப் பாருங்கள்: சிக்னல் ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கடல் எதிரொலி. பல மணி நேரம் மெதுவாக விழுந்து கிடந்தால், அதுவும் மூடுபனியோடு சேர்ந்து வந்தால், அலை மேலே வளைகிறது. கணக்கைவிடக் கூடுதலாக வந்து, நடுநடுவே விரைவாக ஆழ்ந்து விழுந்தால் டக்ட். மேகம் கடக்கும் பத்து இருபது நிமிடத்துக்கு மட்டும் விழுந்து மீண்டால் மழை. ஒரு வருடப் பதிவு கையில் இருந்தால் இந்த நான்கையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஆன்டெனாவை நகர்த்துவதா, இரண்டாவதைச் சேர்ப்பதா, அதிர்வெண்ணை மாற்றுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.